50ஆம் ஆண்டா, 44ஆம் ஆண்டா? எங்கள் ஃபுட்பால் கிளப் கணக்கு

ஏப்ரல் 9, 2025

வந்த கேள்வியை அப்படியே போடுகிறேன். கேட்டவர் நம்ம ஊர்த் தம்பி, இப்போது ஷார்ஜாவில் வேலை.

"கிளப் வாசலில் 50ஆம் ஆண்டு என்று பெரிய போர்டு வைத்திருக்கிற போட்டோ பார்த்தேன். நடுவில் கிளப் பூட்டியே கிடந்த வருஷங்கள் உண்டு என்று எங்க வாப்பா சொல்வார். அதையெல்லாம் கழித்த பிறகு 50 வருகிறதா, கழிக்காமலா?"

கழிக்கவில்லை தம்பி. கல்யாணமாகி 25 வருஷம் என்று ஒருத்தர் விருந்து வைத்தால், நீங்களும் வீட்டம்மாவும் முகம் பார்க்காமல் இருந்த நாட்களைக் கழித்தீர்களா என்று கேட்டுவிட்டா பிரியாணியில் கை வைப்பீர்கள்? போன ஞாயிற்றுக்கிழமை பாம்பனில் புது ரயில் பாலம் திறந்தார்கள். பழைய பாலம் 1914-ல் வந்தது. 1964 புயல் அதை அடித்துப் போட்டது, 46 நாளில் நிமிர்த்திவிட்டார்கள். 2022 கடைசியில் அதில் ரயில் நின்றது. அதன் வயதைச் சொல்கிறபோது ரயில் ஓடாத நாளை யாராவது கழிக்கிறார்களா?

அவ்வளவுதான் பதில்.

ஏப்ரல் 10

அவ்வளவுதான் இல்லை. நேற்று வேகத்தில் எழுதிவிட்டேன். ராத்திரி படுத்துக்கொண்டு விரல் விட்டு எண்ணினால் தம்பியின் வாப்பா சொன்னது சரியாகத்தான் இருக்கிறது.

2020, 2021 இரண்டும் கொரோனாவில் போனது. அது உலகத்துக்கே போனது, விடுங்கள். ஆனால் 1991 முதல் 1994 வரை நான்கு வருஷம் எங்கள் கிளப் எந்தப் போட்டிக்கும் பெயர் கொடுக்கவில்லை. பாலத்துக்காவது புயல் வந்தது. எங்களுக்கு வந்தது ஒரு கப்.

தொண்டிப் பக்கம் ஒரு செவன்ஸில், அதாவது அணிக்கு ஏழு பேர் ஆடுகிற போட்டியில், ஜெயித்த கப். அதைக் கேப்டன் வீட்டில் வைப்பதா, வேன் வாடகை கொடுத்தவர் வீட்டில் வைப்பதா என்று ஆரம்பித்தது. கிழக்குத் தெரு ஒரு பக்கம், மேற்குத் தெரு ஒரு பக்கம். கடைசியில் கப் கேப்டன் வீட்டில், பந்து வேன்காரர் வீட்டில். கப்பை வைத்துக்கொண்டு ஆட முடியாது, பந்தை ஷோகேஸில் வைக்க முடியாது. நான்கு வருஷம் அப்படியே போயிற்று. நான் அப்போது பதினேழு வயது லெஃப்ட் பேக், ஆட வேண்டிய வயது. கேப்டனின் அம்மா அந்தக் கப்பில் கல் உப்பு போட்டு வைத்திருந்ததில் அடி அரித்துப்போனது தனிக் கதை.

ஆக 50-ல் 6 போனால் 44. ஆனால் போர்டு அடித்தாகிவிட்டது.

ஏப்ரல் 16

"இந்தச் சித்திரை வெயிலில் ஏன் டோர்னமெண்ட் வைக்கிறீர்கள், தை மாதம் வைத்தால் என்ன?" என்று கோயம்புத்தூரிலிருந்து ஒருவர் கேட்கிறார். கடலோரத்துக்காரர் இல்லை என்பது தெரிகிறது.

நேற்று முதல் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 தொடங்கி ஜூன் 14 வரை, 61 நாள். இந்த நாட்களில்தான் விசைப்படகுப் பையன்கள் அத்தனை பேரும் கரையில் இருப்பார்கள். மற்ற மாதங்களில் வாரத்தில் மூன்று நாள் விசைப்படகு, நான்கு நாள் நாட்டுப்படகு என்று முறை. ஒருத்தன் கரையில் இருந்தால் இன்னொருத்தன் கடலில். ஏழு பேர் சேர்வதே பெரும்பாடு, சப்ஸ்டிட்யூட்டுக்கு எங்கே போவது? 2017-க்கு முன்னால் தடை 45 நாள்தான். அப்போதெல்லாம் ஃபைனலுக்குள் படகு இறங்கிவிடும். 61 நாள் ஆனதில் மீனவருக்கு நஷ்டமா லாபமா என்பது வேறு வாதம், ஃபுட்பாலுக்கு லாபம்.

பகலில் படகைக் கரையேற்றி மராமத்து, பெயின்ட் வேலை. நாலரை மணிக்கு மேல் மைதானம். அரசு தருகிற தடைக்கால நிவாரணம் இப்போது 8,000 ரூபாய். அது வங்கியில் ஏறுகிற வாரத்தைப் பார்த்துத்தான் நாங்கள் வசூல் நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்புவோம். பாவம்தான், வேறு வழியில்லை.

நாட்டுப்படகுக்குத் தடை கிடையாது. எங்கள் ஃபார்வர்டு இரண்டு பேரும் நாட்டுப்படகு. விடியக் கரை சேர்ந்து, மீனை ஏலம் போட்டு, மத்தியானம் ஒரு கோழித் தூக்கம் போட்டுவிட்டு வருவார்கள். ஹாஃப் டைமில் ஆரஞ்சு கொடுப்பதற்குள் ஒருத்தன் கோல் கம்பத்தில் சாய்ந்து தூங்கியதை நான் பார்த்திருக்கிறேன்.

மைதானத்தையும் சொல்லிவிடுகிறேன். மண்டபத்துக்கு மேற்கே, நிலம் ஒடுங்கிக் கிடக்கிற இடம். வடக்கே நடந்தால் வடகடல், தெற்கே நடந்தால் தென்கடல். பதினொரு பேர் ஆடுவதற்கு 90 மீட்டர் நீளமாவது வேண்டும் என்கிறது விதி. எங்களுக்கு ஒரு பக்கம் பனை, ஒரு பக்கம் உடைமரம். அதனால் செவன்ஸ். மணல் கணுக்காலை வாங்கும்.

ஏப்ரல் 22

ஜெர்சி வந்துவிட்டது. நெஞ்சில் கிளப் சின்னம், முதுகில் "50ஆம் அண்டு".

ஆமாம், அண்டு. ஆவன்னாவின் சுழியைக் காணோம். அடித்துக் கொடுத்த இடத்தில் கேட்டால் நீங்கள் அனுப்பிய எழுத்துதான் என்கிறார்கள். அனுப்பியதைத் திறந்து பார்த்தோம். நாங்கள் அனுப்பிய எழுத்துதான். அனுப்பியது யார் என்று இங்கே எழுதப் போவதில்லை, ஏனென்றால் அது நான்.

சைஸும் தப்பு. முப்பது ஜெர்சியில் பதினெட்டு எஸ். ஐம்பதாம் ஆண்டு கொண்டாடுகிற கிளப்பின் பழைய ஆட்டக்காரர்களில் எஸ் சைஸில் யார் இருக்கிறார்கள்?

ஏப்ரல் 28

முதல் மேட்ச். 0-4. நம்ம ஊர் மைதானத்தில், நம்ம டோர்னமெண்டில், பள்ளிக்கூடப் பையன்களிடம். லீக் முறை என்பதால் இன்னும் உயிர் இருக்கிறது. "அண்டு டீம், அண்டு டீம்" என்று கத்தினார்கள். வேறு ஒன்றும் எழுதத் தோன்றவில்லை.

மே 6

வெறுங்கால் பேச்சு வந்துவிட்டது. வராமல் இருக்குமா?

சித்தப்பா ஒருவர், கிளப் தொடங்கிய கூட்டத்தில் மிச்சம் இருப்பவர், நேற்று டீக்கடையில் சொன்னது: "1950-ல் வேர்ல்டு கப்புக்கு இந்தியாவை விடாததுக்குக் காரணமே பூட்ஸ் போடாததுதான். வெறுங்காலில் ஆடினால் இவங்களை யாரும் ஜெயிக்க முடியாதுன்னு வெள்ளைக்காரன் பயந்துட்டான்." இதைச் சொல்லித்தான் எங்கள் கிளப்பில் இன்று வரை மணலில் பூட்ஸ் போட விடமாட்டார்.

மணலில் வெறுங்கால் நல்லதுதான், அதில் எனக்குச் சண்டை இல்லை. விரலால் மணலைப் பிடித்துத் திரும்பலாம், ஸ்டட்டில் மணல் அடைத்துக்கொண்டால் கால் கல்லாகிவிடும். ஆனால் 1950 கதை அப்படி இல்லை. தகுதிச் சுற்றில் மற்ற நாடுகள் விலகிக்கொண்டதால் ஆடாமலே நமக்கு இடம் கிடைத்தது. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் நம் பெயரும் இருந்தது. பிரேசில்காரர்கள் செலவில் பெரும்பகுதியைத் தாங்களே ஏற்பதாகச் சொல்லியும் நம்மவர்கள் போகவில்லை. பயிற்சிக்கு நாள் போதாது, ஆள் எடுப்பதில் தகராறு என்று காரணம் சொன்னார்கள். அந்தக் காலத்தில் நம் ஆட்களுக்கு ஒலிம்பிக்ஸ்தான் பெரிது, வேர்ல்டு கப்பை யாரும் பெரிதாக எண்ணவில்லை. கப்பல் போகவில்லை, அதற்குப் பூட்ஸ் மேல் பழி.

1948 லண்டன் ஒலிம்பிக்ஸில் நம் ஆட்களில் பெரும்பாலோர் வெறுங்காலில் ஆடினார்கள், பிரான்ஸை ஜெயித்தார்கள். அது பெருமை.

மே 7

ஜெயித்தார்கள் என்று எழுதிவிட்டேன். தோற்றார்கள், 2-1. கீழக்கரையிலிருந்து ஒரு காக்கா (அண்ணன் முறை) போனிலேயே பிடித்துவிட்டார். நம் ஒரு கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். இரண்டு பெனால்டியைத் தவறவிட்டோம், இல்லாவிட்டால் ஜெயித்திருப்போம். என் கை அதைத்தான் எழுதியது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

காக்கா இன்னொன்றும் சொன்னார். பூட்ஸ் கட்டாயமானது 1952 ஹெல்சிங்கி ஒலிம்பிக்ஸில், குளிரில், யூகோஸ்லாவியாவிடம் 10-1 வாங்கிய பிறகுதானாம். சித்தப்பாவிடம் இதைச் சொன்னேன். "பார்த்தியா, பூட்ஸ்தான் காரணம்" என்கிறார். எது எதற்குக் காரணம் என்று கேட்காமல் எழுந்து வந்துவிட்டேன்.

மே 12

கிளப் சுவரில் மாட்டியிருக்கிற பழைய சான்றிதழைப் பற்றி இளசுகள் கேலி பேசுகிறார்கள். "மாவட்டத்தில் ரன்னர் அப், இதுக்கு ஃபிரேம் வேறயா?"

தம்பிகளே, அந்தச் சான்றிதழ் 1985-க்கு முந்தையது. அப்போது இராமநாதபுரம் மாவட்டம் என்றால் இன்றைய சிவகங்கையும் விருதுநகரும் அதற்குள் அடக்கம். காரைக்குடி, சிவகாசி, ராஜபாளையம் எல்லாம் தாண்டி இரண்டாவது வந்திருக்கிறார்கள், அதுவும் கடன் வாங்கிய பூட்ஸில். இன்றைக்கு இங்கிருந்து பரமக்குடி வரை போய் ஜெயித்துவிட்டு மாவட்டம் என்கிறீர்கள். அந்த மேட்ச் முடிந்து எங்கள் பெரியப்பாவின் குதிகால் இரண்டும் தோல் உரிந்து, பதினைந்து நாள் கடலுக்குப் போகவில்லை என்று பெரியம்மா இன்னும் திட்டுவார்.

0-4 தோற்ற அன்று இதைச் சொல்லியிருந்தால் அடித்திருப்பார்கள். நேற்று 3-0 ஜெயித்தோம், அதனால் சொல்கிறேன்.

மே 19

பொண்ணுங்க மேட்ச் பற்றி யாரும் கேட்கவில்லை. நானே எழுதுகிறேன்.

ஐம்பதாம் ஆண்டுக்கு ஒரு காட்சிப் போட்டி வைக்கலாம் என்றபோது, பெண் பிள்ளைகள் ஆடட்டும் என்று சொன்னது எங்கள் பள்ளிக்கூட டீச்சர் ஒருவர். மண்டபத்தில் மீன் கம்பெனி வேலைக்குப் போகிற இரண்டு பேர், பத்தாவது, பன்னிரண்டாவது படிக்கிற பிள்ளைகள், மொத்தம் ஒன்பது பேர். நான் வேண்டாம் என்றேன். இங்கே எழுதித்தானே ஆக வேண்டும், நான்தான் சொன்னேன். ஊர் என்ன பேசும், யார் பொறுப்பு என்றெல்லாம் கேட்டேன். டீச்சர் என்னிடம் வாதாடவில்லை. 2019-ல் இந்திய மகளிர் லீக் ஃபைனலில் மணிப்பூர் போலீஸை 3-1 ஜெயித்த அணி எந்த ஊர் என்று மட்டும் கேட்டார். தெரியாது என்றேன். "சேது எஃப்சி, சார். மதுரை. பஸ்ஸில் மூணு மணி நேரம்."

அப்புறம் மேட்ச். என் அண்ணன் மகள் கோலி. முதல் பந்து வயிற்றில் அடித்து, இரண்டு கையாலும் கட்டிக்கொண்டு மணலில் உட்கார்ந்துவிட்டாள். விடவே இல்லை. ரெஃப்ரி விசில் ஊதி, போய் முதுகில் தட்டி, "விடும்மா, உதைக்கணும்" என்கிறார். கரையில் வலை பின்னிக்கொண்டிருந்த கிழவிகள் எழுந்து வந்து கோல் பின்னால் உட்கார்ந்துவிட்டார்கள். எங்கள் மேட்சுக்கு அவர்கள் தலையைத் திருப்பியதுகூட இல்லை.

எஸ் சைஸ் ஜெர்சி ஒன்பது இங்கே செலவானது.

மே 21

மேலே உள்ளதைப் படித்துவிட்டு டீச்சர் கேட்கச் சொன்னது: அடுத்த வருஷமும் "காட்சிப் போட்டி"தானா, இல்லை டோர்னமெண்டிலேயே பெயர் உண்டா? கமிட்டியில் வைக்கிறேன். ஒன்பது பேரை வைத்து இரண்டு டீம் எப்படி என்று கமிட்டி கேட்கும். டீச்சர் பதினான்கு ஆக்கிவிடுவார், எனக்குத் தெரியும்.

ஜூன் 1

கயிற்று விவகாரம். ஆளுக்கொரு விதமாகச் சொல்லிக்கொண்டிருப்பதால் நடந்ததை எழுதுகிறேன்.

கோலுக்கு வலையை நாங்கள் கடையில் வாங்குவதில்லை. வாங்கினால் ஊர் சிரிக்கும். கழித்துப்போட்ட வலையைத்தான் கட்டுவோம். இந்த வருஷம் ஐம்பது என்பதால் ஒரு படகுக்காரர் பளபளவென்று நீல நிறத்தில் நல்ல வலையாகக் கொடுத்துவிட்டார். நெத்திலி வலை. கண் அவ்வளவு பொடிசு. அழகாக இருக்கிறது என்று எல்லோரும் செல்ஃபி எடுத்தோம். ஒருத்தருக்கும் யோசனை ஓடவில்லை.

வைகாசி பாதியில் கச்சான் காற்று எழும்பிவிட்டது. பெரிய கண் வலை என்றால் காற்று ஊடே போய்விடும். இதில் போகவில்லை. வலை பாய் மாதிரி புடைத்துக்கொண்டு கம்பத்தை இழுக்கிறது. கம்பம் ஜிஐ பைப், இரண்டு கடலின் உப்புக்காற்றும் குடித்த பைப். மேலே வெள்ளைப் பெயின்ட், அடியில் துரு. தட்டினால் மிக்ஸர் மாதிரி உதிரும்.

கால் இறுதி, செகண்ட் ஹாஃப், 1-1. அவர்கள் ஃபார்வர்டு அடித்த பந்து வந்துகொண்டிருக்கிறது, இங்கே கிராஸ் பார் ஒரு பக்கம் கழன்று தொங்கிவிட்டது. எங்கள் கோலி பந்தை விட்டுவிட்டு உயிரைப் பிடித்துக்கொண்டு குதித்தான். பந்து பாரில் பட்டு வெளியே.

உடனே நான்கு பேர் ஓடிவந்து, இரண்டு கம்பத்துக்கும் நடுவே நைலான் கயிறு இழுத்துக் கட்டினார்கள். படகு கட்டுகிற பையன்கள், வீணைத் தந்தி மாதிரி நின்றது. ராம்நாட்டிலிருந்து வந்த ரெஃப்ரி தலையை ஆட்டிவிட்டார். கிராஸ் பாருக்குப் பதில் கயிறு கட்டக் கூடாது என்று கால்பந்து விதியில், மைதானத்தைப் பற்றிய முதல் பிரிவிலேயே இருக்கிறதாம். சரி செய்ய முடியாவிட்டால் ஆட்டத்தைக் கைவிட வேண்டுமாம். கூட்டத்தில் ஒருவர்: "கயிறு கூடாதா? எங்க ஊர்லயா?"

கடைசியில் ஒரு சவுக்குக் கம்பைக் கொண்டுவந்து, அதே கயிற்றால் இரண்டு முனையையும் கட்டினோம். இப்போது பார் கம்புதான், கயிறு வெறும் கட்டு. ரெஃப்ரி கொஞ்ச நேரம் யோசித்தார், தொங்கிப் பார்த்தார், தலையாட்டினார். டிராப் பால் போட்டு மறுபடி ஆட்டம். 2-1 ஜெயித்தோம்.

ஜூன் 2

பாரில் பட்டு வெளியே போன அந்தப் பந்து கோல்தானே என்று கேட்கிறார்கள். இல்லை, அது கோல் இல்லை. பார் விழுந்த பிறகுதான் பந்து வந்தது. நான் கோலுக்குப் பின்னாலேயே நின்றேன். இதற்கு மேல் இதைப் பேசப் போவதில்லை.

ஜூன் 10

செமி ஃபைனல் ஜெயித்தோம், 1-0. ஃபைனல் 13ஆம் தேதி, வெள்ளி. அதற்கு மேல் தள்ள முடியாது. 14-ஓடு தடை முடிகிறது. இப்போதே ஜெட்டியில் ஐஸும் டீசலும் ஏறத் தொடங்கிவிட்டது. எங்கள் ஸ்டாப்பர் ஒரு படகில் டிரைவர். என்ஜின் சத்தம் கேட்டாலே அவனுக்குக் கால் அந்தப் பக்கம் இழுக்கிறது. பயிற்சிக்குக் கையெல்லாம் கிரீஸோடு வருகிறான். ஓனரிடம் போய், வெள்ளிக்கிழமை சாயங்காலம் மட்டும் விடுங்கள் அண்ணே என்று கேட்டு வந்திருக்கிறேன்.

ஜூன் 14

தோற்றோம். பெனால்டியில்.

பெரியபட்டினம் பையன்கள் நன்றாக ஆடினார்கள், அதை முதலில் சொல்ல வேண்டும். பந்தைத் தரையிலேயே வைத்து, மணலில் எப்படித்தான் உருட்டுகிறார்களோ. 1-1. செவன்ஸில் எக்ஸ்ட்ரா டைம் வைக்கவில்லை, இருட்டிவிடும். நேராகப் பெனால்டி, ஆளுக்கு ஐந்து. நான்கு நான்கு அடித்து 4-4. அவர்கள் ஐந்தாவதும் உள்ளே.

எங்கள் ஐந்தாவது யார்? இங்கேதான் கமிட்டியின் புத்தி. ஐம்பதாம் ஆண்டு ஆயிற்றே, கௌரவமாக இருக்கட்டும் என்று பழைய ஆட்டக்காரர் ஒருவரைக் கடைசி ஐந்து நிமிஷம் இறக்கியிருந்தோம். அவரே கடைசிப் பெனால்டியையும் அடிக்கட்டும் என்று தீர்மானம். வயது 51. பதினெட்டு வயதுப் பையன்கள் அண்ணாந்து பார்த்துக்கொண்டு நிற்க, அவர் நடந்து போய், பந்தைக் கையில் எடுத்து, மணலைத் தட்டி, வைத்து, நான்கு அடி பின்னால் வந்து, அடித்தார்.

சவுக்குக் கம்புக்கு மேலே போயிற்று. நெத்திலி வலைக்கு மேலே போயிற்று. கிழவிகளுக்கு மேலே போய் உடைமரத்தில் விழுந்தது. உஸ்ஸ் என்று ஒரு சத்தம், மைதானம் முழுக்கக் கேட்டது.

அந்த 51 நான்தான். கேட்பீர்கள் என்பதால் சொல்லிவிட்டேன்.

ஜூன் 17

படகெல்லாம் போய்விட்டது. மைதானத்தில் இரண்டு ஆடு. கம்பத்தில் சவுக்குக் கம்பு அப்படியே.

ஜூன் 2-ல் எழுதியதைத் திருத்த வேண்டும். நான் கோலுக்குப் பின்னால் நின்றது உண்மை. பந்து பாருக்குக் கீழே வந்துகொண்டிருந்தது. பார் விழாமல் இருந்திருந்தால் உள்ளேதான். கோலி எப்படியும் எட்டியிருக்க மாட்டான். விதிப்படி கோல் இல்லை, ரெஃப்ரி செய்தது சரி. ஆனால் பந்தை அடித்த அந்தப் பையன் என்னைப் பார்த்தான், நான் கீழே பார்த்துக்கொண்டேன். அதன் பிறகு நான் அடித்தது உடைமரத்துக்குப் போனதற்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை என்று சித்தப்பா சொல்கிறார். நான் கேட்கவே இல்லை.

ஜூன் 29

இந்த இழையின் முதல் கேள்விக்கு மறுபடி போகிறேன். நல்ல பழைய கணக்கு ஒன்று கிடைத்திருக்கிறது.

முள் ஏறிய பந்தை சைக்கிள் கடைக்கு எடுத்துப் போனேன். இப்போது யாரும் பந்தைப் பஞ்சர் ஒட்டுவதில்லை, புதுசு வாங்கிவிடுகிறார்கள். ஐம்பதாம் ஆண்டு ஃபைனல் பந்து, அதுவும் நான் உதைத்தது, தூக்கிப்போட மனம் இல்லை. கடைக்காரர் எங்களுக்கு மாமா முறை. எண்பதை நெருங்குகிறார். பந்தை வாங்கி, வாளித் தண்ணீரில் அமுக்கி, குமிழி வருகிற இடத்தைக் கட்டைவிரலால் பிடித்தார். தையலை நான்கு கண் மட்டும் பிரித்து, பிளாடரை வெளியே இழுத்து, உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, பசை தடவி ஊதி ஊதிக் காயவைத்தார். கை நடுங்குகிறது, ஊசியைப் பிடித்ததும் நடுக்கம் நின்றுவிட்டது.

ஒட்டிக்கொண்டே கேட்டார்: "பழைய பாக்கியை யாரு கொடுக்கிறது?"

என்ன பாக்கி மாமா என்றேன். உள்ளே போய் ஒரு நீள நோட்டை எடுத்து வந்தார். அட்டை போய், ஓரமெல்லாம் கிரீஸ். 1991-லிருந்து ஒரு பக்கத்தின் தலைப்பில் "கிளப்" என்று எழுதிக் கோடு போட்டிருக்கிறது. கீழே வரிசையாக: பந்து பஞ்சர் 2. பந்து பஞ்சர் 2. தையல் 3. பிளாடர் புதுசு 15. நான்கு வருஷத்துக்கும் இருக்கிறது. ஒவ்வொரு வரியின் ஓரத்திலும் வாங்கிப்போனவர் என்ற இடத்தில் "கேம்ப் தம்பி".

கப் ஒரு வீட்டிலும் பந்து ஒரு வீட்டிலும் கிடந்தது என்று ஏப்ரலில் எழுதினேன் அல்லவா? பந்து வேன்காரர் வீட்டில் கிடக்கவில்லை. எனக்கே இப்போதுதான் எல்லாம் திரும்பி வருகிறது.

1990-ல் இலங்கையில் சண்டை மறுபடி மூண்டு, படகு படகாக ஆட்கள் வந்த சமயம். மண்டபம் அகதிகள் கேம்ப் நிரம்பி வழிந்தது. மன்னாரிலிருந்து வந்த ஒருவர், இருபத்திரண்டு வயது இருக்கும், கொத்தனார் கூலி வேலை. மாலையில் எங்கள் மைதானத்து ஓரம் வந்து உட்கார்வார். வேன்காரர் வீட்டுக்குச் சுவர் பூசப் போன இடத்தில் அவர்தான் பந்தைக் கேட்டு வாங்கியிருக்கிறார். ஊர்க்காரன் கேட்டால் கொடுத்திருக்க மாட்டார், தெரு பார்த்திருப்பார். இவருக்குத் தெரு கிடையாது.

அவர் ஒரு பக்கம் நின்று பந்தை உருட்டினால் கிழக்குத் தெருவும் போகும், மேற்குத் தெருவும் போகும். கிளப்புக்காக ஆடவில்லையே, அண்ணையோடுதானே ஆடுகிறோம் என்று எல்லோருக்கும் ஒரு சாக்கு. "பந்தை ஓட விடடா, நீ ஏன் ஓடுறாய்?" என்பார். அதுவரை நாங்கள் பந்தைத் தூக்கி அடித்துவிட்டு ஏழு பேரும் பின்னால் ஓடுவதைத்தான் ஆட்டம் என்று நினைத்திருந்தோம். ஆறு மணிக்குள் கேம்புக்குத் திரும்ப வேண்டும் என்பதால் ஐந்தரைக்கே கிளம்பிவிடுவார், பந்தைக் கையிடுக்கில் வைத்துக்கொண்டு. பஞ்சர் ஒட்டியது அப்போது வழியில்தான் போலிருக்கிறது. காசு கேட்டதற்கு "கிளப் கணக்கு" என்று சொல்லியிருக்கிறார். இல்லாத கிளப்புக்கு அவர் ஒருத்தர்தான் கணக்கு வைத்திருந்தார்.

ஒருநாள் வரவில்லை. திரும்பிப் போய்விட்டார் என்றார்கள், கனடா என்றார்கள். பந்தைக் கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார்.

இப்போது சொல்லுங்கள், அந்த நான்கு வருஷத்தைக் கழிப்பதா?

ஜூலை 2

ஷார்ஜா தம்பிக்கு: உங்க வாப்பாவும் அந்த மாலை ஆட்டத்தில் இருந்தார். ரைட் விங். எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, மேற்குத் தெரு. அவரையே கேளுங்கள், கிளப் பூட்டிக் கிடந்ததா இல்லையா என்று.

ஜூலை 5

வாப்பாவின் பதில் வாய்ஸ் மெசேஜில் வந்திருக்கிறது, தம்பி அனுப்பினார். எழுத்தில் போடுகிறேன்: "அது கிளப் இல்லடா. சும்மா ஆடினோம்."

கமிட்டியில் இதை வைத்து ஒரு மணி நேரம் சண்டை. 50 என்கிறார்கள் சிலர், 48 என்கிறார்கள் சிலர். சித்தப்பா மட்டும் 51 என்கிறார், முதல் பந்தை வாங்கியது போர்டில் போட்டிருக்கிற வருஷத்துக்கு முந்தின வருஷமாம். இதை ஏன் ஏப்ரலில் சொல்லவில்லை என்றால், யாரும் கேட்கவில்லையாம்.

ஜூலை 8

பாக்கியைக் கொடுக்கப் போனேன். மாமா கூட்டிப் பார்த்தார், 71 ரூபாய். நூறு ரூபாய்த் தாளை நீட்டினேன், வாங்கவில்லை. "அந்தத் தம்பி வந்து கொடுக்கட்டும்" என்று நோட்டை மூடிவிட்டார். ஃபைனல் பந்து ஒட்டியதற்கு மட்டும் அறுபது வாங்கிக்கொண்டார். அப்புறம் ஜெர்சி ஒன்று கேட்டார். கிளப்பில் போய்ப் பார்த்தேன். மிச்சம் இருப்பது எஸ் சைஸ்தான். ஒல்லி மனுஷன், அவருக்குச் சரியாக இருக்கிறது. கடை வாசலில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார், முதுகில் "50ஆம் அண்டு".